புல் விதைக்கும் ஒரு விலை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்து மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினை பற்றி உங்கள் பத்திரிகையில் தொடர்ந்து செய்தி வருகிறது. 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரையைத் திரும்பக் கேட்டு வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்த காலம் தொடக்கம் நானும் விடாமல் வாசித்து வருகிறேன். எங்கள் உறவுக்காரரின் மாட்டுப் பட்டியும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. காணி யாருக்கு, எல்லை எது என்பதைப் பற்றி எழுத என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதை அவர்களிடம் விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது புல்லைப் பற்றி. அதிலும் புல்லின் விதையைப் பற்றி.

இப்போது எங்கே கூட்டம் வைத்தாலும் ஒரு புத்திமதி கிடைக்கிறது. "மேய்ச்சலுக்கு விடுகிற காலம் முடிந்துவிட்டது. மாட்டைக் கொட்டிலில் கட்டுங்கள், புல் நட்டு வெட்டிப் போடுங்கள்." சொல்லுகிறவர் நல்ல மனதோடுதான் சொல்லுகிறார். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னால் நல்லது. மாடு ஒரு நாளைக்குத் தன் நிறையில் பத்தில் ஒரு பங்குக்குப் பச்சைப் புல் தின்னும். எங்கள் நாட்டு மாட்டை 200 கிலோ என்று வைத்தால் 20 கிலோ. என்னைப்போல் நாலைந்து பால்மாடு வைத்திருக்கிற பெண்ணுக்கு அது காலையில் இரண்டு கட்டு, பின்னேரம் இரண்டு கட்டு. வெட்டிச் சுமக்கலாம். 200 மாடு நிற்கிற பட்டிக்கு? நாளொன்றுக்கு 4 டன் புல். அதை யார் வெட்டுவது, எதில் ஏற்றுவது, எங்கே கொண்டுபோய்ப் போடுவது? பட்டி மாட்டுக்குத் தரைதான் வேண்டும். அந்தத் தரையில் நாயுண்ணிப் பற்றை மண்டி, நல்ல புல் எல்லாம் கடிபட்டுக் கடிபட்டுக் கட்டையாகிப் போயிருக்கிறது. நிலம் திரும்பக் கிடைத்தாலும் அதில் மாடு தின்ன என்ன இருக்கும் என்பது அடுத்த கேள்வி.

சரி, புல்லை நடுவோம் என்றால் எல்லோரும் கையில் எடுப்பது சீஓ-3. நல்ல புல்தான், குறை சொல்லவில்லை. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கம்பையும் யானைப்புல்லையும் சேர்த்து உண்டாக்கிய ஒட்டு. தண்ணீரும் எருவும் இருந்தால் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஆளுயரத்துக்கு வெட்டலாம். என் கிணற்றடியிலும் ஒரு துண்டு நிற்கிறது. ஆனால் அது மலட்டுப் புல். கதிர் வரும், முளைக்கக்கூடிய விதை கட்டாது. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று கணுவுள்ள தண்டாக வெட்டித்தான் நட வேண்டும். இரண்டு அடிக்கு இரண்டு அடி வைத்தால் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 11,000 தண்டு. 50 ஏக்கர் மேய்ச்சல் தரைக்கு ஐந்தரை லட்சம். லொறியில் ஏற்றி, இறக்கி, வாடமுன் நட்டு, தண்ணீர் விட்டு, அதுவும் மாடு மிதிக்கிற தரையில். நடக்கிற காரியமா?

சில வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்தின் கீழ் எங்கள் பக்கம் ஒரு லொறித் தண்டு வந்து இறங்கியது. ஆடி மாதம். கச்சான் என்கிற மேல்காற்று முகத்தில் அனல் அடித்தது போல வீசுகிற நேரம். பகிர்ந்து கொடுக்க வேண்டியவர் வருமட்டும் தண்டு வெயிலில் கிடந்தது. வந்தார், படம் எடுத்தார்கள், ஆளுக்கு ஒரு கட்டு தந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தவர்களுக்கு ஏதோ கொஞ்சம் பிழைத்தது. மற்றவர்கள் வீட்டில் அது அடுப்புக்குப் போனது. அறிக்கையில் இத்தனை பயனாளிகள் என்று கட்டாயம் இருக்கும்.

விதையால் முளைக்கிற கினிப்புல்லை எடுத்துப் பாருங்கள். அதற்கு ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். பண்படுத்தாத தரையில் வீசுவதென்றால் இரண்டு மூன்று கிலோ போடலாம். 50 ஏக்கருக்கு வேண்டியதை உழவு மிசின் பெட்டியின் ஒரு மூலையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். பரந்த தரையை விதையால்தான் புதுப்பிக்க முடியும், தண்டால் முடியாது. ஆனால் அந்த விதை மட்டக்களப்பில் யாரிடம் கிடைக்கிறது? தேடிப் பாருங்கள். நெல் விதை உண்டு, கச்சான் (நிலக்கடலை) விதை உண்டு, சோளத்துக்கு வெளிநாட்டுக் கம்பனிப் பக்கற் உண்டு. வீதியோரம் எங்கும் ஆளுயரத்துக்கு நிற்கிற கினிப்புல்லின் விதை ஒரு கிலோ வேண்டுமென்றால் கடையில் சிரிப்பார்கள். நான் அரை ஏக்கர் மேட்டுக் காணியில், எனக்குச் சீதனமாக வந்த காணியில், விதைக்கென்று புல் வளர்க்கத் தொடங்கியபோது எங்கள் மாமியும் சிரித்தார். "புல்லு தானா முளைக்கிறதுகா, அதை ஆரும் விதைக்கு விடுவாங்களா?"

தானாக முளைக்கிறதுதான். ஆனால் விதையைக் கையில் பிடிப்பது அவ்வளவு லேசு இல்லை. நெல்லைப் போல எல்லாக் கதிரும் ஒன்றாக முற்றாது. ஒரு தூரிலேயே ஒரு கதிர் கொட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் இன்னொன்று அப்போதுதான் உறையை விட்டு வெளியே வரும். ஒரே கதிரிலும் மேல்கிளை முதலில் முற்றும், அடிக்கிளை பச்சையாக நிற்கும். முற்றிய விதை காத்திருக்காது, காற்று பட்டாலே விழும். மிச்சத்தைச் சில்லைக் குருவி பார்த்துக்கொள்ளும். எப்போது வெட்டினாலும் ஒரு பங்கு விழுந்திருக்கும், ஒரு பங்கு முற்றாமல் இருக்கும். இதற்கு நடுவே ஒரு வாரத்தைப் பிடிப்பதுதான் விதைக்காரரின் வேலை.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஐப்பசி மழை தொடங்கினதும் புல் துளிர்க்கும். கார்த்திகைவரை மாட்டுக்கு வெட்டுவேன், நிலத்தோடு ஒட்ட வெட்டாமல் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக அடியை விட்டு. மார்கழி நடுவில் காணி முழுவதையும் ஒரே மூச்சில் ஒரே உயரத்துக்கு வெட்டிவிடுவேன். அதுதான் முக்கியம். எல்லாத் தூரும் ஒன்றாகத் துளிர்த்தால் கதிரும் ஏறக்குறைய ஒன்றாக வரும். அதன் பிறகு எருவும் கொஞ்சம் யூரியாவும். பிறகு அரிவாள் அந்தப் பக்கம் போகாது. மழை ஓய ஓயக் கதிர் வெளியே வரும். மாசி, பங்குனியில் வெயில் பிடிக்கிறபோது விதை முற்றும். மழையில் முற்றினால் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே எங்கள் கிழக்கின் மழைக் கணக்கு இந்தப் பயிருக்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது.

மேல்கிளைகள் வெறும் நரம்பாகத் தெரியத் தொடங்கியதும், கதிரை மெல்ல உள்ளங்கையில் உருவிப் பார்ப்பேன். கொஞ்சம் கையோடு வந்தால் சரி. பனி காய்வதற்கு முன், விடியற்காலையில், கதிரை மட்டும் ஒரு முழத் தண்டோடு வெட்டிச் சாக்கில் போட வேண்டும். வெயில் ஏறினால் பாதி நிலத்துக்குப் போகும். கொண்டுவந்து உடனே காயவிடக் கூடாது. கொட்டிலுக்குள் நிழலில் முழங்கால் உயரத்துக்குக் குவித்து, ஈரச் சாக்கால் மூடி மூன்று நாள் வைப்பேன். குவியல் வேர்க்கும். நடுவில் கையை விட்டால் சூடு தெரியும், புளித்த வைக்கோல் மணம் வரும். கை பொறுக்காத சூடு என்றால் பிரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் விதை வெந்துவிடும். இந்த மூன்று நாளில் அரைகுறையாக முற்றிய விதை தண்டில் மிச்சமுள்ள சாரத்தை இழுத்துக்கொண்டு முற்றும், காம்பும் இளகும். பிறகு படங்கில் போட்டு உதறினால் போதும், அடிக்கவே தேவையில்லை. சுளகில் இரண்டு தரம் புடைத்தால் பதர் பறந்துவிடும். பதர் நிறைய இருக்கும், பார்த்தால் மனம் விட்டுப்போகும். மிஞ்சுவதை நிழலில்தான் காயப் போட வேண்டும். சீமெந்துத் தரையில் உச்சி வெயிலில் போட்டால் முளைதிறன் போய்விடும். காய்ந்ததைச் சீலைப் பையில் கட்டித் தொங்கவிடுவேன். பொலித்தீன் கூடாது, உள்ளே ஈரம் இருந்தால் வேர்க்கும்.

இதில் இன்னொரு சங்கதி. கினிப்புல் விதை பிடுங்கிய கையோடு முளைக்காது. அதற்கு ஒரு உறக்கக் காலம் உண்டு, சில மாதம் கிடந்தால்தான் விழிக்கும். பங்குனியில் 100 விதையை ஈரச் சீலையில் சுற்றி வைத்தால் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் முளை விடும். அதே பையிலிருந்து புரட்டாதி கடைசியில் எடுத்துப் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முளைக்கிறது. ஐப்பசி மழை விதைப்புக்கு அது சரியாகப் பொருந்துகிறது. ஆனால் ஒருமுறை நான் ஒரு இடத்துக்கு மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தது சித்திரையில். இரண்டு வாரம் கழித்து "முளைதிறன் போதாது" என்று ஒரு தாளில் எழுதித் திருப்பித் தந்தார்கள். உறக்கக் காலம் பற்றிக் கேட்டேன். "அம்மா, நாங்கள் நெல்லுக்குச் செய்கிற மாதிரித்தான் செய்தோம்" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் பிழை இல்லை. விதை என்றால் ஒரு திணைக்களம், புல் என்றால் இன்னொரு திணைக்களம், புல் விதை என்று வந்தால் இரண்டு பக்கமும் கதவு அரைவாசிதான் திறந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. தரமான விதை விவசாயிக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தச் சட்டம். மாடு வளர்க்கிறவரும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

விதைத்து முளைப்பிப்பதிலும் ஒரு கை வேண்டும். விதை தூசி மாதிரி. ஒரு சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் மேலே வராது. நான் மணலோடு கலந்து நாற்றுமேடையில் தூவி, மிளகாய்க்கன்று மாதிரி மூன்று நாலு கிழமையில் பிடுங்கி நடுகிறேன். மேடையைச் சுற்றி எறும்பைக் கவனிக்காவிட்டால் விதை இருந்த இடம் தெரியாது. மேய்ச்சல் தரையில் நாற்று நட முடியாது, அங்கே முதல் மழைக்குத் தரையைக் கீறி வீசிவிட்டு, முதலாம் போகம் முழுக்க மாட்டை விடாமல் பார்த்தால் போதும். பார்ப்பதுதான் கஷ்டம்.

இப்போது நான் சொல்ல வந்த காரியம். புல்லை விதைக்கு விடுவது என்றால் மாட்டின் வாயிலிருந்து எடுப்பது. ஐந்தாறு கிழமைப் புல் இலையும் சாறுமாக இருக்கும், புரதம் 10 வீதத்தைச் சுற்றி நிற்கும். விதை முற்றியபின் அதில் பாதிதான், தண்டு கட்டையாகிவிடும். வைக்கோலைவிடப் பரவாயில்லை, சீமைக்கிளுவைக் குழையோடு நறுக்கிப் போட்டால் மாடு தின்னும். ஆனால் பால் இறங்கும். அதுவும் எந்த மாதங்களில்? மார்கழி, தை, மாசி. வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் அப்போதுதான் வட்டை என்கிற வயல்வெளி முழுக்க வெள்ளாண்மை, அதாவது நெற்பயிர். மாட்டை இறக்க இடமில்லை, வரம்பில் ஒரு வாய் கடித்தால் வழக்கு. மழையும் குளிரும் சேர்ந்து வருகிற நேரம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வயிறு நிறைந்த மாடு அந்தக் குளிரைக் கொஞ்சமாவது தாங்கும், எலும்பும் தோலுமாய் நின்றவைதான் முதலில் விழுந்தன. அப்படியான மாதத்தில் அரை ஏக்கர் பச்சைப் புல்லைத் தொடாமல் விடு என்று ஒரு பெண்ணிடம் சொல்லுவதென்றால், அந்த விதைக்கு என்ன விலை, யார் எடுப்பார் என்று முதலே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவள் வெட்டி மாட்டுக்குத்தான் போடுவாள். அவள் செய்வதுதான் சரி.

விலை மட்டும் உறுதி என்றால் இதைச் செய்ய ஆள் இருக்கிறது. முன்பு மாசி பங்குனி என்றால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வயலில் வெட்டு வேலை இருந்தது. வெட்டு மெசின் வந்த பிறகு ஒரு வட்டை ஒரு பகலில் முடிந்துவிடுகிறது, சோற்றுப் பெட்டியோடு வரப்பில் போகிற பெண்களைக் காணவில்லை. புல் விதை எடுப்பது மெசினுக்குச் சரிவராத வேலை. கதிர் கதிராகப் பார்த்து, நாலு ஐந்து நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தரம் போய் எடுக்க வேண்டும். விடியற்காலை வேலை, வீட்டுக் கொட்டில் வேலை. சின்னப் பிள்ளை வைத்திருப்பவளும் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் கினிப்புல் என்று நான் சொல்லவில்லை. ஓயாமல் மாடு மேய்ந்து மிதிக்கிற இடத்தில் அது தாக்குப் பிடிக்காது, தூர் தூராகச் செத்துப்போகும். விட்ட இடத்தில் ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்று ஆவணியில் ஒரு பீடித் துண்டுக்கே பற்றிக்கொள்ளும். யானைக்கும் அது நல்ல விருப்பம் என்பதை உன்னிச்சைப் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் சொல்லுவார்கள். தரையோடு படர்ந்து மிதியைத் தாங்குவது பிரக்கியேரியா இனங்கள். சிக்னல் புல் என்கிறது அதில் ஒன்று. அதன் விதையையும் செடியில் பிடிப்பது கஷ்டம்தான். உலகத்துக்கே இந்தப் புல் விதையை விற்கிற பிரேசிலில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: எல்லாம் நிலத்தில் கொட்டட்டும் என்று விட்டு, புல்லை வெட்டி அகற்றிவிட்டு, தரையைக் கூட்டி அள்ளிச் சலிக்கிறார்கள். களத்தில் நெற்சூடு அடித்துக் கூட்டிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. ஆடு வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம், சிக்னல் புல்லை மட்டுமே தின்னும் ஆட்டுக்கு ஈரல் பழுதாகி, வெயிலில் காதும் முகமும் வீங்கிப் புண்ணாகலாம். தரையில் புல்லோடு ஸ்டைலோ போன்ற ஒரு அவரை இனத்தையும் கலந்துவிட்டால் மண்ணுக்கும் நல்லது, மாட்டுக்கும் புரதம். அதன் விதைத் தோல் கல் மாதிரி, கொதிக்கு முந்திய சுடுநீரில் நாலைந்து நிமிடம் போட்டெடுத்தால் நன்றாக முளைக்கும்.

கரடியனாற்றில் விதைப் பண்ணைக்கும் பயிற்சிக்கும் இடம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. பிள்ளைகள் வருடா வருடம் ஆராய்ச்சி என்று ஏதாவது செய்கிறார்கள். எந்தப் புல் எங்கள் சாம்பல் நிற மணல்மண்ணில் எத்தனை கிலோ நல்ல விதை தருகிறது, மார்கழியில் எந்தத் தேதியில் கடைசி வெட்டு வெட்டினால் விதையும் பாலும் இரண்டும் அதிகம் நட்டப்படாமல் வரும் என்று இங்கேயே பார்த்துச் சொன்னால் பெரிய உதவி. நான் குத்துமதிப்பாகச் செய்வதை அவர்கள் அளந்து செய்யலாம். புல் விதைக்கென்று முளைதிறன் சோதனையைப் புரட்டாதியில் வைத்தால், சித்திரையில் செத்தது என்று ஒதுக்குகிற விதை உயிரோடு இருப்பது அவர்களுக்கும் தெரியவரும்.

மேய்ச்சல் தரைக்குக் காணி ஒதுக்குவதைப் பற்றிப் பேசுகிறவர்களிடமும் ஒரு கேள்வி. மட்டக்களப்பில் மாதவனை என்றாலும் அம்பாறையில் வட்டமடு என்றாலும், கல் நட்டு எல்லை போடுவதோடு வேலை முடிகிறதா? ஒதுக்குகிற தரையில் ஒரு மூலையை வேலி அடைத்து விதைப் பாத்தியாக விட்டால், நாலைந்து வருடத்தில் மிச்சத் தரைக்கு வேண்டிய விதை அங்கேயே வந்துவிடும். அந்த வேலிக்குச் செலவாவது ஒரு லொறித் தண்டை வெயிலில் காயவிடுவதைவிட அதிகமாக இராது. பட்டிக்காரர்களும் ஒன்றுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும்: விதைத்த துண்டில் ஒரு மாரி முழுக்க மாட்டை இறக்கக் கூடாது. இது எங்கள் அண்ணன்மாருக்குக் கசப்பான பேச்சு என்று தெரியும். எங்கள் வீட்டுக் கலியாணத்தில் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாட்டுக்குத் தேவையான பாலில் பாதிகூட இங்கே கறக்கவில்லை, மிச்சம் மாவாகக் கப்பலில் வருகிறது. ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் பால் உற்பத்தியைப் பெருக்குவோம் என்கிறார்கள், நல்ல இன மாடு கொண்டுவருவோம் என்கிறார்கள். அந்த மாடு வந்து இறங்கினால் என்ன தின்னும் என்று கேட்டால் திரும்பவும் அந்தத் தண்டு லொறிதான்.

இந்த வருடமும் மார்கழி நடுவில் நான் கடைசி வெட்டு வெட்ட வேண்டும். அதற்கு முன் கால்நடைத் திணைக்களமோ, பால் எடுக்கிற நிறுவனங்களோ, கூட்டுறவுச் சங்கமோ, யாராவது "கிலோவுக்கு இத்தனை ரூபா, புரட்டாதியில் சோதித்து எடுப்போம்" என்று எழுத்தில் தந்தால் அரை ஏக்கரை ஒரு ஏக்கராக்க நான் தயார். என்னோடு சேர எங்கள் தெருவிலேயே நாலு வீடு இருக்கிறது. விலை தெரியாவிட்டால் எனக்கு வேண்டிய ஒரு பைக்கு மட்டும் ஒரு மூலையை விட்டுவிட்டு, மிச்சத்தை மாட்டுக்கு வெட்டுவேன்.

இப்படிக்கு,
பால்மாடு வளர்க்கும் வாசகி,
ஆயித்தியமலை, மட்டக்களப்பு.